மாடுகள் போட்ட பாதையில் ஒரு நெடும் பயணம்

நடப்பதற்காகவே ஒருவர் விடுமுறை எடுப்பாரா? விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியும் உளியுமாகப் பால் காட்டில் நிரை நிரையாக ஏறி இறங்கியவரிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். "நடந்து நடந்துதானே காலே தேய்ந்தது, இதற்குக் காசு வேறு கொடுப்பார்களா?" என்பார்.

கொடுக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் கோடை வந்ததும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் பெருங்கூட்டமாக மக்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். கிழவர்கள் வருகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், கைக்குழந்தையை முதுகில் சுமந்த தாய் தந்தையரும் வருகிறார்கள். சிலருக்கு ஒரு நாள் நடை. சிலருக்கு மூன்று வாரம்.

அவர்கள் நடக்கும் அந்தப் பச்சைப் புல்வெளி சும்மா கிடக்கும் இடம் அல்ல. அது பலருடைய வேலைக்களம். அந்தப் பாதையும் தானாக வந்ததல்ல. மாடு மேய்த்தவர்களும், ஒரு பள்ளி ஆசிரியரும், பட்டறைத் தொழிலாளர்களும், ஓட்டுப் போட்ட பொது மக்களும் சேர்ந்து உண்டாக்கியது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம். வாருங்கள், நாமும் மனத்தால் கூடவே நடப்போம்.

இருபது நாள் நடை

சுவிட்சர்லாந்து நாட்டைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்து செல்லும் ஒரு நடைபாதை இருக்கிறது. 'வியா அல்பினா' என்று பெயர். பக்கத்துச் சிறு நாடான லீக்டன்ஸ்டைனின் தலைநகர் வாதூஸில் தொடங்கி, ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோந்த்ரே நகரில் முடிகிறது. சுமார் 390 கிலோமீட்டர். 14 கணவாய்களைக் கடக்க வேண்டும். நிதானமாக நடப்பவருக்கு 20 நாள் ஆகும். வழியில் ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 20,000 மீட்டருக்கு மேல் போகும். அதாவது எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்!

பயந்து விடாதீர்கள். ஒரே மூச்சில் யாரும் ஏறுவதில்லை. காலையில் ஒரு கணவாயை ஏறுவார்கள்; மாலையில் அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கி, ஒரு கிராமத்திலோ மலை விடுதியிலோ தங்குவார்கள். மறுநாள் அடுத்த கணவாய்.

'ஆல்ப்ஸ்' என்றால் நாம் பனிச்சிகரத்தை நினைக்கிறோம். ஆனால் அங்குள்ள குடியானவர்கள் பேச்சில் 'ஆல்ப்' என்றால் சிகரம் அல்ல. கோடையில் மாடு மேயும் மலைப் புல்வெளி. குளிர்காலம் முழுவதும் மாடுகள் பள்ளத்தாக்குத் தொழுவத்தில் காய்ந்த புல்லைத் தின்று கிடக்கும். ஜூன் மாதம் பனி உருகிப் புல் தலைகாட்டியதும் அவற்றை மேலே ஓட்டிச் செல்வார்கள். சுமார் நூறு நாள் அங்கே மேய்ச்சல். செப்டம்பரில் திரும்ப இறக்குவார்கள். சுவிட்சர்லாந்தில் இப்படிப்பட்ட கோடை மேய்ச்சல் பண்ணைகள் ஏறக்குறைய 7,000 உண்டு. அந்நாட்டு விவசாய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த மலைப் புல்வெளிதான்.

மாடுகளும் மேய்ப்பர்களும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய தடங்களில்தான் இன்று நடைப்பயணிகள் பலர் கால் வைக்கிறார்கள். அந்த மாடுகள் மேயாமல் போனால் என்ன ஆகும்? சில ஆண்டுகளில் புதர் மண்டும். பிறகு மரம் முளைத்துக் காடு ஏறி வரும். பூக்கள் நிறைந்த அந்தத் திறந்த வெளி மறைந்து போகும். நாம் 'இயற்கை அழகு' என்று வியப்பதில் பாதி, மாட்டின் வாயும் மனிதனின் கையும் செய்த வேலை.

சேவல் போட்ட எல்லை

இந்த நெடும் பாதையில் ஐந்தாம் நாள் லிண்டால் என்ற ஊரிலிருந்து ஏறினால் ஊர்னர்போடன் என்ற புல்வெளி வரும். சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய ஆல்ப் இதுதான். கோடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பசுக்கள் இங்கே மேய்கின்றன. சுமார் 1,370 மீட்டர் உயரம். நம் கேமரன் மலையில் தானா ராத்தா இருக்கும் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இரு பக்கமும் சுவர் போலப் பாறை. நடுவே பாய் விரித்தது போல் புல்.

இங்கே ஒரு விந்தை உண்டு. இந்தப் புல்வெளி கிளாவுசன் கணவாய்க்குக் கிழக்கே, கிளாருஸ் மாநிலத்தின் பக்கம் இருக்கிறது. ஆனால் சொந்தம் மட்டும் கணவாய்க்கு மேற்கே உள்ள ஊரி மாநிலத்துக்கு! ஏன் என்று கேட்டால் ஊரார் ஒரு கதை சொல்வார்கள்.

முன்னொரு காலத்தில் இரு பக்கத்தாருக்கும் எல்லைத் தகராறு. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். குறித்த நாளில் இரண்டு ஊரிலும் சேவல் முதலில் கூவியதும் ஆளுக்கொரு ஓட்டக்காரன் புறப்பட வேண்டும். இருவரும் சந்திக்கும் இடமே எல்லை. கிளாருஸ்காரர்கள் தங்கள் சேவலுக்கு வயிறாரத் தீனி போட்டார்கள். அது நன்றியோடு சீக்கிரம் கூவும் என்று நம்பினார்கள். ஊரிக்காரர்களோ சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் இருட்டிலேயே எழுந்து கூவிவிட்டது. தின்ற சேவலோ விடிந்த பிறகும் தூங்கியது.

கிளாருஸ் ஓட்டக்காரன் பதறி ஓடிப் போய்ப் பார்த்தால், ஊரிக்காரன் கணவாயைத் தாண்டி வெகு தூரம் இறங்கி வந்துவிட்டான். "கொஞ்ச நிலமாவது விட்டுக் கொடு" என்று கெஞ்சினான். "என்னை முதுகில் சுமந்து எவ்வளவு தூரம் மேலே ஏறுகிறாயோ அவ்வளவும் உன்னுடையது" என்றான் மற்றவன். அவனும் சுமந்தான். மூச்சு வாங்க வாங்க ஏறினான். ஓர் ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவன் அங்கேயே விழுந்து உயிரை விட்டான். அந்த ஓடைதான் எல்லையாயிற்று.

கதைதான். ஆனால் ஒரு கைப்பிடிப் புல்லுக்காக உயிரையே கொடுத்த வறுமையும் மானமும் அதில் தெரிகின்றன அல்லவா?

பால் வேலை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் 'பால்' என்றதும் ரப்பர்ப் பால்தான் நினைவுக்கு வரும். விடியுமுன் வேலை, வாளி, நிறுவை, கணக்கு. ஆல்ப்ஸ் மேய்ப்பர்களின் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். பால் மட்டும் வேறு!

இருட்டிலேயே எழுந்து மாடுகளைத் தேடிப் போக வேண்டும். மூடுபனியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கழுத்து மணியின் ஓசையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அந்த மணி அழகுக்குக் கட்டியது அல்ல. காது கேட்கும் முகவரி. கறந்த பாலைப் பழைய முறைக் குடிசைகளில் பெரிய செப்புக் கொப்பரையில் ஊற்றி விறகு அடுப்பில் சூடாக்குவார்கள். உறையும் மருந்து சேர்த்து, திரிந்ததை வெட்டிக் கிளறி, துணியில் அள்ளி, அச்சில் இட்டு அழுத்துவார்கள். ஒரு கிலோ பாலாடைக்கட்டிக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். பிறகு அந்தக் கட்டிகளை உப்பு நீரால் துடைத்துத் திருப்பி வைத்துக் கொண்டே இருக்க வேண்டும். எஞ்சிய நீர் பன்றிகளுக்கு. அதற்குள் மாலைக் கறவை வந்துவிடும். ஞாயிறும் இல்லை, பெருநாளும் இல்லை. மாட்டின் மடிக்கு விடுமுறை தெரியாது.

இந்த வேலைக்கு உள்ளூர்க் குடும்பங்கள் மட்டும் போதுவதில்லை. வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் கோடைக் கூலிக்கு வந்து போகிறார்கள்.

ஊரி போன்ற கத்தோலிக்கப் பகுதிகளில் பொழுது சாயும் நேரம் மேய்ப்பர் ஒரு மேட்டில் ஏறி நிற்பார். பால் வடிகட்டும் மரப் புனலை வாயில் வைத்து, மனிதரையும் மாட்டையும் காக்கும்படி இறைவனை வேண்டி உரக்கப் பாடுவார். அந்தக் குரல் எட்டும் தூரம் வரை அன்றிரவு தீங்கு வராது என்பது பழைய நம்பிக்கை.

துன் ஏரிக்கு மேலே யூஸ்டிஸ்டால் என்ற பள்ளத்தாக்கில் செப்டம்பரில் ஒரு விழா நடக்கும். கோடை முழுதும் செய்த பாலாடைக்கட்டியை அடுக்கி வைத்து, யாருடைய மாடு எவ்வளவு பால் கொடுத்ததோ அந்தக் கணக்குப்படி பங்கு பிரிப்பார்கள். எல்லார் கண் முன்னே நடக்கும் பங்கீடு. நிறுவையில் ஏமாந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பிறகு மாடுகள் இறங்கும். தலையில் பூ, கழுத்தில் பெரிய மணி, ஊரெல்லாம் கொண்டாட்டம். ஆனால் அந்தக் கோடையில் மந்தையிலோ குடும்பத்திலோ சாவு நேர்ந்திருந்தால், பல இடங்களில் பூச்சூட்டாமல் அமைதியாக ஓட்டி வருவார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இந்த மேய்ச்சல் பருவத்தின் வாழ்க்கை முறையையே மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட புல்வெளிகள் பல தனி மனிதருக்குச் சொந்தமல்ல; ஊர்ப் பொது. பொது நிலம் என்றால் ஆளாளுக்கு மேய்த்து அழித்து விட மாட்டார்களா? வலே மாநிலத்தில் டோர்பெல் என்ற மலைக் கிராமம் 1517-லேயே இதற்கு ஒரு விதி எழுதி வைத்தது: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குச் சொந்தத் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். பணக்காரன் வெளி மாட்டை வாங்கி வந்து விட முடியாது. சாதாரண மக்கள் கூடிப் பேசிப் பொதுச் சொத்தைக் காக்க முடியும் என்பதற்கு இந்தக் கிராமத்தையும் ஒரு சான்றாகக் காட்டிய அமெரிக்கப் பேராசிரியை எலினோர் ஆஸ்ட்ரம், 2009-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

ஆசிரியர் நட்ட மஞ்சள் பலகை

ஊர்னர்போடனிலிருந்து 1,948 மீட்டர் உயரமுள்ள கிளாவுசன் கணவாய்க்கு ஏறுவோம். பாதைக்குப் பக்கத்தில் தார்ச் சடக்கு வளைந்து வளைந்து போகிறது. 1922 முதல் 1934 வரை இதே சடக்கில் புகழ் பெற்ற மோட்டார் பந்தயம் நடந்தது. மோட்டார் வண்டி மலை நாட்டையே பிடித்துக்கொண்ட காலம் அது. சடக்கில் நடப்பவருக்குப் புழுதியும் ஓரத்துச் சாக்கடையும்தான் மிச்சம்.

சூரிச் நகருக்கு அருகில் மைலன் என்ற ஊரில் யோஹான் யாக்கோப் எஸ் என்றோர் ஆசிரியர் இருந்தார். கால்நடையாகப் போகிறவனுக்கும் ஒரு வழி வேண்டும் என்று அவர் முனைந்தார். 1933-ல், சடக்கை விட்டு விலகிச் செல்லும் பாதைகளைத் தேடி, ஒரே மாதிரியான மஞ்சள் பலகைகளை நடும் வேலையைத் தொடங்கினார். மறு ஆண்டே நாடு முழுவதற்குமான சங்கம் அமைந்தது. இன்று அந்நாட்டில் சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதைக்கு வழிகாட்டிப் பலகைகள் நிற்கின்றன. பூமியை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி வரும் நீளம்!

பலகை மட்டும் போதுமா? புல்வெளியில் வேலி வரலாம்; பாதையில் தார் போடலாம். அதற்கும் ஒரு முடிவு கண்டார்கள். 1979 பிப்ரவரி 18-ஆம் நாள் நாடு முழுவதும் வாக்கெடுப்பு. நடைபாதையைக் காப்பது அரசியல் சட்டத்தில் இடம் பெற வேண்டுமா என்பதே கேள்வி. நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் 'ஆம்' என்றார்கள். 1971-ல்தான் நாட்டளவில் வாக்குரிமை பெற்ற பெண்களும் அதில் வாக்களித்தார்கள். 1985-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஒரு பாதை அழிந்தாலோ, மோட்டார் போக்குவரத்து அதைப் பிடித்துக்கொண்டாலோ, ஈடாக வேறு பாதை தர வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது.

"மலையே, விடுதலை!"

கணவாயைத் தாண்டி இறங்கினால் அல்ட்டோர்ஃப். மகன் தலையில் வைத்த ஆப்பிளை அம்பால் அடித்த வில்லியம் டெல்லின் சிலை நிற்கும் ஊர். இங்கே இளைப்பாறும் வேளையில், மலையில் நடப்பது யாருடைய உரிமையாக இருந்தது என்பதையும் பார்த்து விடுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆல்ப்ஸுக்கு உல்லாசமாக வந்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். சிகரம் ஏறும் சங்கங்களும் அவர்களுடையவை. பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டப்படியே நாளுக்கு 11 மணி நேரம் வரை வேலை. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை குடிசையும் சாராயக் கடையும்தான் உலகம்.

1895-ல் வியன்னா நகரில் கேயார்க் ஷ்மீடல் என்ற ஆசிரியர், தொழிலாளர் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். இயற்கையில் நாட்டமுள்ளவர்கள் சேர்ந்து நடக்க வாருங்கள் என்று அழைத்தார். அவரோடு கை கோத்தவர்கள் அலோய்ஸ் ரோராவர் என்ற இரும்புத் தொழிலாளியும், கார்ல் ரென்னர் என்ற மாணவரும். இப்படிப் பிறந்ததுதான் 'இயற்கை நண்பர்கள்' சங்கம். பணக்காரர்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த காடுகளின் பாதைகளைத் திறக்கும்படி அவர்கள் கேட்டார்கள். வழியில் சந்தித்தால் ஒருவருக்கொருவர் சொன்ன வணக்கமே "பெர்க் ஃப்ரை", அதாவது "மலைக்கு விடுதலை!" என்பது.

தங்குவதற்கு ஓட்டல் வாடகை கட்டுமா? தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். 1907-ல் தீரோல் மலையில் முதல் விடுதி எழுந்தது. 1905-லேயே சூரிச்சிலும் சங்கம் தொடங்கிவிட்டது. சர்வாதிகாரிகளுக்கு இந்தச் சங்கம் பிடிக்கவில்லை. 1933-ல் ஜெர்மனியிலும் 1934-ல் ஆஸ்திரியாவிலும் தடை செய்தார்கள், விடுதிகளைப் பறித்தார்கள். போர் முடிந்ததும் சங்கம் மீண்டும் எழுந்தது. அன்று மாணவராயிருந்த கார்ல் ரென்னர் 1945-ல் ஆஸ்திரியாவின் அதிபரானார்!

நடப்பவர் அறிய வேண்டியவை

நம் பிள்ளைகளில் யாராவது மேற்படிப்புக்கோ வேலைக்கோ அந்தப் பக்கம் போனால், இந்தக் குறிப்புகள் உதவும். 1980-களில் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற தமிழர்கள் பலர் இன்று சுவிஸ் நகரங்களில் வேரூன்றி இருக்கிறார்கள். மலைக்குப் போகும் இரயிலில் தமிழ் காதில் விழுந்தாலும் வியப்பில்லை.

மஞ்சள் பலகை என்றால் எளிய பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை; உறுதியான காலணியும் தலை சுற்றாத தன்மையும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பாறையும் பனியும் கடக்கும் வழி. பழக்கம் இல்லாதவர் போகக் கூடாது. பலகையில் தூரம் எழுதியிருக்காது. நடக்கும் நேரம்தான் எழுதியிருக்கும். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கு. இளைப்பாறும் நேரம் அதில் சேராது.

கோடையிலும் பிற்பகலில் இடி மின்னல் வரும். ஆகவே காலையிலேயே புறப்பட்டு, மதியத்துக்குள் கணவாயைத் தாண்டி விடுவது நல்லது. மழைச்சட்டை, கம்பளிச் சட்டை, தண்ணீர், ரொட்டி இவை பையில் இருக்கட்டும். ஆபத்தில் சிக்கினால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விளக்கைக் காட்டியோ ஊதியோ அடையாளம் கொடுத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும்.

வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும். ஒரு கதவு திறந்து கிடந்தால் மேய்ப்பருக்கு ஒரு நாள் வேலை கூடும். கன்றோடு நிற்கும் பசுவை நெருங்கக் கூடாது. கன்றைத் தொட்டுப் படம் எடுக்கப் போய், முட்டுப்பட்டு உயிர் இழந்தவர்களும் உண்டு. நாயைக் கூட்டிச் செல்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மாறிவரும் மலை

அல்ட்டோர்ஃபிலிருந்து பாதை மேற்கே போகிறது. 1120-ல் நிறுவப்பட்ட மடம் உள்ள எங்கல்பெர்க், ஐகர் சிகரத்தின் அடிவாரம், பாதையிலேயே உயரமான ஹோடூர்லி கணவாய் (2,778 மீட்டர்) என்று ஒவ்வொன்றாகக் கடந்து, விறகு அடுப்பிலேயே பாலாடைக்கட்டி செய்யும் லெத்திவா ஊரைத் தொட்டு, ஏரிக்கரையில் இறங்குகிறது.

ஆனால் வழி நெடுகப் பழைய பனி பின்வாங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனிப்பாறைகள் தம் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 2018 கோடையில் மலைக்கு மேல் மாடுகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ராணுவ ஹெலிகாப்டர்கள் தண்ணீர் சுமந்து போயின. 2025 மே 28-ஆம் நாள், வலே மாநிலத்தில் பனிப்பாறை உடைந்து சரிந்து பிளாட்டன் என்ற கிராமத்தின் பெரும் பகுதியை மூடிவிட்டது. மலையின் அசைவைக் கண்காணித்து, சுமார் 300 மக்களைச் சில நாட்களுக்கு முன்பே வெளியேற்றியிருந்தார்கள். ஒருவர் மட்டும் உயிர் இழந்தார். வீடுகள் போயின, ஊர் மக்கள் பிழைத்தார்கள்.

எனவே அந்தப் பாதை என்றும் அப்படியே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. புல்லை மாடு மேய வேண்டும். மாட்டை ஆள் பார்க்க வேண்டும். சரிந்த பாதையை யாராவது மண்வெட்டி எடுத்துச் சீர் செய்ய வேண்டும். அங்கே தொண்டர்கள் அதைச் செய்கிறார்கள்.

நடப்பது ஓய்வா என்று தொடக்கத்தில் கேட்டோம். பதினோரு மணி நேரம் இரும்படித்த அந்த வியன்னாத் தொழிலாளியும் முதலில் அப்படித்தான் கேட்டிருப்பான். பிறரது கணக்குக்காக நடந்த கால்கள் ஒரு நாளாவது தனக்காக நடக்கட்டும் என்றுதான் அவன் மலைக்குப் போனான். வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் குன்றுக்கோ ஆற்றங்கரைக்கோ நாமும் நடந்து பார்க்கலாமே. ஆல்ப்ஸ் வரை போக வேண்டியதில்லை. ஒரு தூக்கில் தேநீரும் ஒரு பொட்டலம் பலகாரமும் இருந்தால் போதும்.